பழைய இசைத்தட்டைக் கழுவும் முன்

இரண்டு இசைத்தட்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம், இரண்டுக்கும் நடுவில் ஒரு துளை, துளையைச் சுற்றி வண்ண லேபிள். ஒன்று நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. மற்றது 33⅓ முறை சுழலும் எல்பி. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து இரண்டையும் துடைத்தால் எல்பி பெரும்பாலும் தப்பித்துவிடும். 78 தட்டின் மேற்பரப்போ பிசுபிசுக்கும். பஞ்சில் கறுப்பு ஏறும். பாட்டு பதிந்திருந்த வரிகள் மழுங்கிப்போகும். அந்தப் பாட்டுக்கு வேறு பிரதி எங்கும் இல்லையென்றால் அதன் கதை அன்றோடு முடிந்தது. பழைய தட்டுகளைச் சுத்தம் செய்யப் பலரும் பல வழிகள் சொல்வார்கள். எந்த வழியாக இருந்தாலும் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கையில் இருக்கும் தட்டு எதனால் ஆனது?

78 தட்டு ஒரு பூச்சியிடமிருந்து தொடங்குகிறது. புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அரக்குப் பூச்சிகள், தங்களை மூடிக்கொள்ளச் சுரக்கும் பிசின்தான் அரக்கு. உலகத்தின் கிராமபோன் தொழில் அரை நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் இந்தியக் காடுகளின் பிசினை நம்பியே நடந்தது. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-இல் அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மேற்கு நாடுகளில் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி, உடைத்து உருக்கிப் புதிய தட்டுகள் செய்தார்கள்.

ஆனால் தட்டு முழுவதும் அரக்கு இல்லை. அரக்கு ஏறத்தாழ கால் பங்கு அல்லது அதற்கும் குறைவு. அது வெறும் பசை. மீதியில் பெரும்பகுதி கல்பொடியும் சுண்ணாம்புக்கல் பொடியும். கூடவே கொஞ்சம் பருத்தி இழை, நிறத்துக்குக் கரி. கல்லை ஏன் சேர்த்தார்கள் என்பதில் ஒரு பொறியியல் நுட்பம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கிராமபோனின் எஃகு முள் வரிப்பள்ளத்தின் வடிவத்துக்குச் சரியாகப் பொருந்தாது. தட்டில் உள்ள கல்பொடி முதல் சில சுற்றுகளிலேயே முள்ளை அரைத்துத் தனக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனால்தான் ஒரு பக்கம் பாடி முடித்ததும் முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினார்கள். அந்தக் கல்பொடியே 78 தட்டின் நிரந்தர இரைச்சலுக்கும் காரணம். முள் கல்லின் மேல் ஓடுவதால் எழும் ‘உஸ்’ என்ற ஒலி அழுக்கில்லை. எவ்வளவு கழுவினாலும் அது போகாது. இது தெரியாதவர்கள், இன்னும் அழுக்கு இருக்கிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தேய்த்துத் தட்டைக் கெடுத்துவிடுகிறார்கள்.

கல்கத்தாவின் சியால்தாவில் கிராமபோன் கம்பெனி 1908-இல் தட்டுகளை அச்சிடும் ஆலை ஒன்றை நிறுவியது. அதற்கு முன் இந்தியாவில் ஒலிப்பதிவு செய்தவை ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த் தட்டுகளாகித் திரும்பின. 1928-இல் கல்கத்தாவை ஒட்டிய டம்டம்மில் பெரிய தொழிற்சாலை வந்தது. நம் வீடுகளில் மிஞ்சியிருக்கும் நாய் படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகளில் பெரும்பகுதி அங்கே அச்சானவைதான். நாடகப் பாட்டு, நாகஸ்வரம், ஹரிகதை, நகைச்சுவை உரையாடல் என்று அந்தக் கால ஒலிகளில் பலவற்றுக்கு இந்த அரக்குத் தட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. மூல அச்சுகள் எத்தனையோ அழிந்துவிட்டன. ஆகவே ஒரு தட்டைக் கழுவும்போது நாம் கையில் வைத்திருப்பது சில பாட்டுகளின் கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம்.

வினைல் வேறு இனம். 1948 ஜூனில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்பி தட்டை வெளியிட்டது. பாலிவினைல் குளோரைடோடு வினைல் அசிடேட் சேர்த்துச் செய்த பிளாஸ்டிக். கல்பொடி கிடையாது, நிறத்துக்குத் துளி கரி மட்டும். பரப்பு வழவழப்பாக இருப்பதால் இரைச்சல் இல்லை. இரைச்சல் இல்லாததால் வரிப்பள்ளத்தைக் குறுக்க முடிந்தது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் பாடிய இடத்தில் இருபது நிமிடம் பாடியது. இந்தியாவில் 78 உடனே மறையவில்லை. 1960-களில் பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே 78 தட்டுகளாக வந்தன. அதனால் ஆண்டை மட்டும் வைத்துத் தட்டின் இனத்தைச் சொல்ல முடியாது.

கண்ணும் கையும் சொல்லும். அரக்குத் தட்டு கனமாக, தடிப்பாக, தொட்டால் கல்போல் சில்லென்றிருக்கும். விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டினால் கணீரென்று கேட்கும். வினைல் மந்தமாகக் கேட்கும். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் அரக்கு. வளைகிறதா என்று மட்டும் சோதிக்கக் கூடாது: வினைல் வளைந்து நிமிரும், அரக்கு இரண்டாக உடையும். சந்தேகமாக இருந்தால் அரக்கு என்றே வைத்துக்கொண்டு நடத்துவது நல்லது. அரக்குக்குத் தீங்கில்லாத முறை வினைலுக்கும் தீங்கு செய்யாது.

இனி வரிப்பள்ளத்துக்குள் போவோம். எல்பியில் ஒரு பக்கம் இருபது நிமிடம் ஓடினால் தட்டு 667 முறை சுற்றுகிறது. அந்தச் சுழல் கோட்டைப் பிரித்து நீட்டினால் 430 மீட்டர் அளவுக்கு வரும். அகலமோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 50 மைக்ரான். நம் தலைமுடி இதைவிடத் தடிப்பு. அந்தப் பள்ளத்தின் இரண்டு சுவர்களும் ‘V’ வடிவில் சாய்ந்து நிற்கின்றன. ஸ்டீரியோ தட்டில் ஒரு சுவரில் இடப்பக்க ஒலி, மறுசுவரில் வலப்பக்க ஒலி. தட்டின் வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் விநாடிக்கு 51 சென்டிமீட்டர் நீளம் கடக்கிறது. லேபிள் பக்கம் வரும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று உள்வட்டத்தில் பதிந்திருந்தால் அதன் ஓர் அலையின் நீளம் 21 மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசித் துகளும் அதே அளவு. ஜன்னல் கம்பியில் படிந்தால் நாம் பொருட்படுத்தாத தூசி, இங்கே ஒரு முழு அலையை மூடிவிடுகிறது.

தூசி படிந்து கிடப்பதால் மட்டும் தட்டு கெடுவதில்லை. ஓட்டும்போதுதான் கெடுகிறது. முள்ளின் மேல் வைக்கும் எடை ஒன்றரை, இரண்டு கிராம்தான். ஆனால் அந்த எடை முழுவதும் சில மைக்ரான் அகலமுள்ள இரண்டு புள்ளிகளில் இறங்குகிறது. சதுர சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டால் அழுத்தம் டன் கணக்கில் வரும். அந்த அழுத்தத்தில் ஒரு மணல் துகள் முள்ளுக்கும் சுவருக்கும் இடையில் சிக்கினால் என்ன ஆகும்? தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினமானது. வைரமுனைக்கு ஒன்றும் ஆகாது. மிருதுவான வினைல் சுவரில் துகள் பதிந்து குழி விழும். பிறகு துகளைக் கழுவி எடுத்தாலும் குழி இருக்கும், ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று சொல்லும். பரணிலிருந்து இறக்கிய தட்டை, ‘பாடுகிறதா என்று முதலில் பார்ப்போம், பிறகு துடைக்கலாம்’ என்று ஓட்டிப் பார்ப்பதுதான் அதற்கு நாம் செய்யும் பெரிய தீங்கு. முப்பது வருடத் தூசியை அந்த ஒரே ஓட்டத்தில் சுவருக்குள் அழுத்திவிடுகிறோம்.

கழுவிய பின் ஓட்டும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், எது அழுக்கு, எது காயம் என்று பிரித்துவிடலாம். 33⅓ சுழற்சியில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. சீராக 1.8 விநாடிக்கு ஒரு முறை ‘டக்’ என்று கேட்டால் அது தட்டின் குறுக்கே விழுந்த கீறல். 78-இல் அதே இடைவெளி சுமார் முக்கால் விநாடி. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்பவரைக் ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்கிறோமே, அங்கே கீறல் சுவரை உடைத்து முள்ளை முந்தைய சுற்றுக்கே தள்ளிவிடுகிறது. ஒழுங்கில்லாமல் ஆங்காங்கே கேட்டு, அடுத்த முறை ஓட்டும்போது இடம் மாறிக் கேட்கும் சடசடப்பு தூசி அல்லது நிலைமின்சாரம். இது கழுவினால் போகும். உச்சஸ்தாயியில் குரல் கரகரத்து உடைவது, அதுவும் லேபிளை நெருங்க நெருங்க மோசமாவது, தேய்மானம். ஒலிபெருக்கி நிலையங்களின் பெயரை லேபிளில் மையால் எழுதிய தட்டுகள் பழைய சாமான் கடைகளில் நிறையக் கிடைக்கும். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று கனமான முள் தலையின் கீழ் ஓயாமல் பாடியவை அவை. அந்தத் தேய்மானத்தை எந்தத் திரவத்தாலும் திருப்ப முடியாது.

இன்னொன்றும் உண்டு. 78-இன் வரிப்பள்ளம் எல்பியுடையதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம். எல்பிக்கான முள்முனையின் ஆரம் 18 மைக்ரான் அளவு. 78-க்கு 65 முதல் 75 மைக்ரான் வேண்டும். எல்பி முள்ளை 78-இல் வைத்தால் அது சுவரைத் தொடாமல் பள்ளத்தின் அடியில், கசடு தங்கும் இடத்தில் ஓடும். சத்தம் பயங்கரமாக இருக்கும். பழி தட்டின் மேல் விழும். பழைய பெட்டி பிளேயர்கள் பலவற்றில் முள்ளைப் புரட்டிவிடும் சிறு நெம்புகோல் இதற்காகத்தான் இருந்தது. சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனில் எல்பியை வைப்பதோ ஒரே ஓட்டத்தில் அதைக் கொல்வதற்குச் சமம். எஃகு முள்ளும் நூறு கிராமுக்கு மேற்பட்ட ஒலிப்பெட்டியின் எடையும் வினைலை உழுதுவிடும்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது? விரல் ரேகையின் எண்ணெய், துணி இழை, காகித உறையின் பொடி, சமையலறைத் தாளிப்பின் ஆவி, சாம்பிராணிப் புகை. எண்ணெய்ப் படலம் ஒன்று இருந்தால் மற்றவை எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். பி.வி.சி. வேறு, எதனோடு உரசினாலும் எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ளும் குணமுள்ளது. உறையிலிருந்து சரக்கென்று உருவினாலே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னேற்றம் வந்துவிடும். காற்றில் மிதக்கும் தூசி தானே பறந்து வந்து ஒட்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்று இந்த மின்னேற்றத்தைக் கசியவிட்டுவிடுவதால் நமக்கு இது பெரிய தொல்லையில்லை. ஆனால் ஏசி ஓடும் அறையில் காற்று உலர்ந்ததும் அதே தட்டு சடசடக்கத் தொடங்கும். கரியிழைத் தூரிகை இதற்கு நல்ல தீர்வு. மெல்லிய கரியிழைகள் மின்சாரத்தைக் கடத்துபவை. பிடியில் உள்ள உலோகம் வழியாகவும் நம் கை வழியாகவும் மின்னேற்றம் இறங்கிவிடும், தூசியும் கிளம்பும். ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் ஒரு சுற்று அதைப் பிடித்தால் போதும். ஒட்டிப்போன அழுக்குக்கு அது உதவாது, அதற்குத் தண்ணீர்தான்.

தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். நம் ஊரில் தட்டுகளைக் கெடுப்பதில் புழுதிக்கு அடுத்தது உப்புத் தண்ணீர். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாதபோது 2,000 வரை அனுமதி. போர்வெல் தண்ணீர் 1,000 என்று வைத்துக்கொள்வோம். கழுவி எடுத்த தட்டில் இரண்டு மில்லி தண்ணீர் தங்கிக் காய்ந்தால் இரண்டு மில்லிகிராம் உப்பு பள்ளத்தில் மிஞ்சும். கேட்க அற்பமாகத் தோன்றும். அதைப் பத்து மைக்ரான் துகள்களாகப் பிரித்துக் கணக்கிட்டால் லட்சக்கணக்கில் துகள் வருகிறது! அழுக்கை எடுக்கிறோம் என்று சுண்ணாம்பை விதைக்கும் வேலை இது. ஆகவே கடைசி அலசல் கட்டாயம் காய்ச்சி வடித்த நீரில் அல்லது உப்பு நீக்கிய நீரில் இருக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். வெள்ளை வளையம் தெரிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். ஏசியிலிருந்து வடியும் நீரை உப்பில்லாதது என்று சிலர் பயன்படுத்துகிறார்கள். அதில் உப்பு குறைவுதான். ஆனால் குளிர்ச்சுருளின் தூசியும் பூஞ்சை வித்தும் கலந்திருக்கும். தவிர்ப்பது மேல்.

வெறும் தண்ணீருக்கு ஒரு குறை உண்டு. வினைல் மேல் அது சேம்பு இலைமேல் நிற்பதுபோல முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். பரப்பு இழுவிசை அதிகம் என்பதால் 50 மைக்ரான் பள்ளத்தின் அடிவரை இறங்காது. சோப்புத்தன்மையுள்ள ஒரு பொருளைத் துளி சேர்த்தால் இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கி, நீர் பள்ளத்துக்குள் பரவும், எண்ணெயைச் சிறு உருண்டைகளாகச் சூழ்ந்து கிளப்பிவிடும். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் தன் தட்டுகளுக்கு மின்னேற்றமில்லாத வகை நுரைப்பொருளை உப்பு நீக்கிய நீரில் நூற்றில் அரைப் பங்கு என்ற அளவில் கலந்து பரிந்துரைத்தது. வீட்டில் அது கிடைக்காவிட்டால், மணமும் நிறமும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு லிட்டருக்கு நாலைந்து சொட்டு போதும். எலுமிச்சை வாசனை, கைக்கு மென்மை தரும் சத்து என்றெல்லாம் விளம்பரம் செய்யும் திரவங்கள் காய்ந்ததும் படலமாகத் தங்கும். சலவைத் தூளைத் தொடவே வேண்டாம். அதில் உள்ள சோடா காரம். அரக்கு ஸ்பிரிட்டில் கரைவதைப் போலவே காரநீரிலும் கரையும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்துக்கும் இதே தடை.

வினைலைக் கழுவும் விதம் இது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். தட்டை விளிம்பிலும் லேபிளிலும் மட்டுமே பிடியுங்கள். முதலில் காய்ந்த தூரிகையால் மேலோட்டமான தூசியை நீக்குங்கள். நனைத்தபின் அது சேறாகிவிடும். சுத்தமான பருத்தித் துண்டை விரித்து அதன்மேல் தட்டை வைத்து, லேபிளில் படாமல் கரைசலைத் தெளித்து, ஓரிரு நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு மென்மையான தூரிகையாலோ மைக்ரோஃபைபர் துணியாலோ வட்டமாக, வரி ஓடும் திசையில் மட்டும் தேய்க்க வேண்டும். மையத்திலிருந்து விளிம்புக்கு இழுத்தால் ஏதாவது மணல் சிக்கியிருந்து எல்லா வரிகளையும் குறுக்கே கீறிவிடும். அழுத்தம் வேண்டாம்; பள்ளத்துக்குள் போவது நீர்தான், துணியில்லை. அழுக்கு கிளம்பிய நீரைத் தட்டிலேயே காயவிடக் கூடாது; வேறு துணியால் ஒற்றி எடுத்து, சுத்தமான நீரில் இரண்டு முறை அலசுங்கள். மூன்றாவது துணியால் ஒற்றி, பாத்திரம் காயவைக்கும் தாங்கியில் செங்குத்தாக நிற்க வையுங்கள். வெயிலில் காயவைப்பதும், முடி உலர்த்தியின் சூடான காற்றும் கூடாது. துணிகளைக் கலக்காமல் வைத்துக்கொள்வது முக்கியம்: முதல் தேய்ப்பின் துணியே கடைசி ஒற்றலுக்கும் வந்தால் செய்ததெல்லாம் வீண். காய்ந்த தட்டைப் பழைய காகித உறைக்குள்ளேயே திரும்பப் போடுவதும் அப்படித்தான். புதிய பாலிஎத்திலீன் உள்ளுறை வாங்கிப் போடுங்கள். மெத்தென்ற பி.வி.சி. உறை ஆகாது, அதன் நெகிழ்வூட்டிப் பொருள் கசிந்து தட்டில் மங்கலான தடம் பதித்துவிடும்.

அரக்குத் தட்டுக்கும் இதே கரைசல், இதே திசை. ஆனால் ஊறப்போடுவது கிடையாது. அதில் பருத்தி இழை இருக்கிறது. சில தட்டுகள் பல அடுக்காகச் செய்யப்பட்டவை, உள்ளே காகிதமும் உண்டு. விரிசலோ பெயர்ந்த விளிம்போ இருந்தால் அதன் வழியே நீர் இறங்கி அடுக்குகள் உப்பிவிடும். ஒரு பக்கம் துணியை நனைத்துப் பிழிந்து துடை, உடனே அலசல் நீரில் நனைத்த துணியால் துடை, உடனே ஒற்று, பிறகு மறுபக்கம் என்று சுருக்கமாக முடிக்க வேண்டும். சுத்தமான அரக்குத் தட்டுக்கு ஓர் அழகான மினுமினுப்பு வரும். சாம்பல் பூத்து மங்கித் தெரியும் இடங்கள் எஃகு முள் உழுத இடங்கள், அவை மினுங்காது.

ஸ்பிரிட் விஷயத்தில் வினைல் ரசிகர்களிடையே இரண்டு கட்சி உண்டு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் மிகக் குறைவாகக் கலந்து பயன்படுத்தினால் ஒன்றும் ஆகாது என்பது ஒரு கட்சி. நாள்பட அது வினைலுக்கு நல்லதில்லை என்பது இன்னொரு கட்சி. எனக்கு இந்தச் சண்டையைத் தீர்ப்பது முக்கியமாகப் படவில்லை. 78-உம் எல்பியும் கலந்து கிடக்கும் நம் வீட்டு அலமாரிகளுக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் புட்டியே இல்லாமலிருப்பது நல்லது. நகப்பூச்சு நீக்கும் திரவம், தின்னர், பெட்ரோல் ஆகியவை வினைலையே தாக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும்; அந்தப் பளபளப்புதான் அடுத்த மாதத் தூசிக்குப் பசை. வாங்கும்போது ஒரு தட்டு எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தால் ஓட்டும் முன் கழுவத்தான் வேண்டும். ஃபெவிக்கால் முறையையும் நிறையப் பேர் சொல்கிறார்கள்: தட்டின் மேல் பூசி, காயவிட்டு, படலமாக உரித்தால் பள்ளத்து அழுக்கும் கூடவே வரும். வினைலில் இது உண்மையிலேயே வேலை செய்யக்கூடியது. ஆனால் பூச்சில் ஓர் இடம் மெலிதாகிவிட்டால் அங்கே படலம் கிழிந்து துண்டு பள்ளத்தில் தங்கிவிடும், எடுக்க வழியில்லை. வேறு பிரதி கிடைக்கும் தட்டில் வேண்டுமானால் செய்து பார்க்கலாம். அரக்குத் தட்டில் கூடவே கூடாது. உரிக்கும்போது மேற்பரப்பே பெயர்ந்து வரலாம்.

பெரிய சேகரிப்பு உள்ளவர்களுக்கு இயந்திரங்கள் உண்டு. திரவத்தை ஊற்றித் தேய்த்து, அழுக்கு நீரைக் காற்றால் உறிஞ்சி எடுப்பவை ஒரு வகை. துணியால் ஒற்றுவதைவிட இது சிறந்தது, ஏனென்றால் நீரோடு சேர்ந்து துகளும் வெளியேறுகிறது. மீயொலியால் நீரில் நுண்குமிழிகளை உண்டாக்கி, அவை வெடிக்கும் விசையில் துகளைப் பெயர்ப்பவை இன்னொரு வகை. அதில் நீர் சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நூறு தட்டுக்குக் குறைவாக வைத்திருப்பவருக்குக் கையே போதும்.

பூஞ்சை பிடித்த தட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரத் தொடங்கும். சென்னை போன்ற கடலோர நகரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அந்த எல்லையைச் சுற்றியோ மேலேயோதான் கழிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சொல்லவே வேண்டாம். அட்டை, காகிதம், லேபிளின் பசை, விரல் ரேகையின் எண்ணெய் எல்லாமே அதற்கு உணவு. தட்டில் வெள்ளைப் புள்ளிகளாகவோ நூல் வலையாகவோ தெரியும். அதை அறைக்குள் ஊதவோ தூரிகையால் தட்டவோ கூடாது. வித்துகள் மற்ற தட்டுகளுக்கும் நம் மூச்சுக்கும் போகும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியிலோ முற்றத்திலோ நிழலான இடத்தில் வைத்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்து, பிறகு மேலே சொன்னபடி கழுவ வேண்டும். உள்ளுறையை எறிந்துவிடுங்கள். அட்டை உறையை எறிய மனம் வராது. அதில் இருக்கும் படமும் பின்பக்கக் குறிப்புகளும் வரலாறு. அதை நிழலில் நன்றாக உலர்த்தி, தட்டிலிருந்து தனியாக வைத்துவிடலாம். பூஞ்சை நெடுநாள் இருந்த இடத்தில் அதன் அமிலம் பரப்பை அரித்திருக்கும். கழுவிய பின்னும் அங்கே லேசான சரசரப்பு கேட்டால் அது அரிப்பின் தழும்பு.

வைக்கும் இடம் சரியாக இருந்தால் இவ்வளவு கழுவவும் வேண்டியிருக்காது. தட்டுகள் நேராக, செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் வளையும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் அடியில் இருப்பது எடையால் கோணும், அரக்காக இருந்தால் விரியும். உறையோடு ஓர் எல்பி சுமார் கால் கிலோ. நூறு தட்டு 25 கிலோ என்று கணக்கிட்டு அலமாரியின் பலகையைத் தேர்ந்தெடுங்கள். மழை வாங்கும் வெளிச்சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்க வேண்டாம். சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டால் மட்டும் போதாது, அவற்றை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தவும் வேண்டும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். காகிதம் தின்னும் பூச்சிகளுக்கும் கரையானுக்கும் மாதம் ஒரு முறை எல்லா உறைகளையும் எடுத்துப் பார்ப்பதே நல்ல மருந்து. வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை: தட்டுக்கான வினைல் சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கதவடைத்து நிற்கும் காரின் உட்புறம் அந்த வெப்பத்துக்குப் பக்கத்தில் போய்விடும். வாங்கிய தட்டைக் காரின் பின் இருக்கையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

முள்ளையும் கழுவ வேண்டும். சுத்தமான தட்டில் அழுக்கு முள் ஓடினால் பயனில்லை. சிறிய மென்தூரிகையால் பின்னிருந்து முன்னாக, அதாவது தட்டு சுழலும் திசையிலேயே, வருட வேண்டும். பக்கவாட்டிலோ எதிர்த் திசையிலோ தள்ளினால் முள்ளைத் தாங்கும் மெல்லிய குழல் முறிந்துவிடும். விரலால் தூசியைத் தட்டும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. விரல் எண்ணெய் வைரத்தில் ஏறி அடுத்த தூசியைப் பிடித்துவைக்கும். வைரமும் தேயும். 500 மணி நேரத்துக்கு மேல் ஓடிய முள்ளை உருப்பெருக்கியில் பார்ப்பது நல்லது. தேய்ந்து விளிம்பு கூரான முள் சுவரைச் சீவிக்கொண்டே போகும்.

ஒரு வகைத் தட்டை மட்டும் வீட்டில் கழுவவே கூடாது. 1930-களின் நடுவிலிருந்து, ஒலிநாடா வரும்வரை, வானொலியிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் அங்கேயே வெட்டிப் பதிந்துகொள்ளும் தட்டுகளைப் பயன்படுத்தினார்கள். அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. அதை இளக்கமாக வைத்திருக்க ஆமணக்கு எண்ணெய். பார்வைக்கு எல்பி போலவே இருக்கும். ஆனால் விளிம்பிலோ நடுத்துளையிலோ வெள்ளி நிற உலோகம் தெரியும். அச்சிட்ட லேபிளுக்குப் பதிலாகக் கையால் எழுதியோ தட்டச்சு செய்தோ ஒட்டியிருக்கும். காலம் ஆக ஆக அந்த எண்ணெய் சிதைந்து வெண்பொடியாக மேலே பூக்கும். பார்த்தால் பூஞ்சை என்றே தோன்றும். எண்ணெய் போன பூச்சு சுருங்கி, சுருங்காத அலுமினியத்தின் மேல் வெடித்து, செதில் செதிலாக உதிரும். ஒவ்வொன்றும் ஒரே பிரதி, அச்சு எடுத்ததில்லை. இதைத் துடைக்கவோ ஒருமுறை ஓட்டிப் பார்க்கவோ வேண்டாம். உறையில் இருக்கும் எழுத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தட்டை நிமிர்த்தி நிற்க வைத்து, சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போல இசைத்தட்டுகளையும் திரட்டும் காப்பகம் ஒன்றைக் கேளுங்கள். பூச்சு உதிரத் தொடங்கியிருந்தால் அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே கேளுங்கள்.